வீட்டில் ஒருவருக்குக் காசநோய்: தட்டைப் பிரிப்பதா, ஜன்னலைத் திறப்பதா?

கேள்வி சுருக்கமாக இது. தேவகோட்டைப் பக்கத்துப் பூர்வீக வீட்டில் இருக்கும் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) 61 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. இரண்டு மாதமாக இருமல். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையில் குறைந்து, மறுபடி வந்துவிட்டது. 58 கிலோ இருந்தவர் 47க்கு இறங்கிவிட்டார். இப்போது சளிச் சோதனையில் டிபி என்று வந்திருக்கிறது. பல வருடம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து குடியிருந்ததால் வந்ததா, தட்டு டம்ளரைத் தனியாக வைக்க வேண்டுமா, வீட்டிலுள்ள மூன்று வயதுப் பேரனை என்ன செய்வது, ஆறு மாதமும் மாத்திரை போட்டே தீர வேண்டுமா, தங்கைக்கு வரன் பார்க்கும் நேரத்தில் வெளியே தெரிந்தால் என்ன ஆகும்?

பூட்டிய வீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தூசி, ஒட்டடை, ஈரச் சுவர், வௌவால் எச்சம் இவற்றால் வேறு தொல்லைகள் வரலாம், காசநோய் வராது. நுரையீரல் காசநோய் உள்ள இன்னொருவர் இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் வெளியே வரும் நுண்துளிகளில்தான் கிருமி இருக்கிறது. அந்தத் துளிகள் காற்றிலேயே உலர்ந்து 1 முதல் 5 மைக்ரான் அளவுக்குச் சுருங்கிவிடும். மூடிய அறையில் ஊதுபத்திப் புகை போல மணிக்கணக்கில் மிதக்கும். மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்ச் சேரும் அளவு அது. தட்டிலும் டம்ளரிலும் துண்டிலும் ஒட்டிய எச்சில் அப்படி மிதந்து நுரையீரலுக்குள் போக வழியில்லை. அதனால் பாத்திரத்தைப் பிரிக்க வேண்டாம். வழக்கம்போல் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். துணியைத் தனியாகத் துவைக்கவும் வேண்டாம். கை குலுக்குவதால், ஒரே கழிப்பறையால், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதால் பரவாது.

அப்படியானால் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா? பெரும்பாலும் முடியாது. 30 வருடத்துக்கு முன்பு ஒரு பேருந்திலோ, வேலை செய்த கடையின் மாடி அறையிலோ மூச்சில் போயிருக்கலாம். உலகில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் உடம்பில் இந்தக் கிருமி நுழைந்திருக்கிறது என்பது கணக்கு. அவர்களில் வாழ்நாளில் நோயாளி ஆகிறவர்கள் 100க்கு 5 முதல் 10 பேர்தான், அதிலும் பாதியளவு முதல் இரண்டு வருடத்துக்குள். மற்றவர்களிடம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி கிருமியைச் சுற்றி வளைத்து அடக்கி வைத்திருக்கும். அவர்களுக்கு இருமலும் இருக்காது, அவர்களிடமிருந்து யாருக்கும் பரவவும் செய்யாது. அந்தக் காவல் தளரும்போது கிருமி விழித்துக்கொள்ளும். சர்க்கரை இருந்தால் அந்த வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. சத்துக் குறைவு, புகை, குடி, எச்.ஐ.வி., நாள்பட்ட ஸ்டீராய்டு மாத்திரை, டயாலிசிஸ் எல்லாம் அதே வேலையைச் செய்பவை. கல் குவாரியிலும் கிரஷரிலும் வேலை பார்ப்பவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். கல் தூளிலுள்ள சிலிகா நுரையீரலில் படிந்தால், வேலையை விட்டுப் பல வருடம் ஆன பிறகும் காசநோய் வாய்ப்பு கூடுதலாகவே இருக்கும். உங்கள் அப்பச்சி விஷயத்தில் சந்தேகப்பட வேண்டியது வீட்டை அல்ல, பத்து வருடச் சர்க்கரையை.

இப்போது அவரைத் தனி அறையில் அடைத்து வைப்பதா என்ற கேள்வி. இதற்குப் பதில் 60 வருடத்துக்கு முன்பே நம் சென்னையிலேயே கிடைத்துவிட்டது. அதுவரை காசநோய் என்றால் தாம்பரம் போன்ற சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கவைப்பதுதான் வழக்கம். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம் (இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்குச் சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடும் ஓய்வோடும் மருந்து. மற்றதற்கு நெருக்கடியான சொந்த வீட்டிலேயே அதே மருந்து. வருட முடிவில் குணமானதில் பெரிய வித்தியாசமில்லை. அதைவிட முக்கியம், வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாக வரவும் இல்லை. 1959இல் வெளியான இந்த முடிவுதான் உலகம் முழுக்கச் சானடோரியங்களுக்கான தேவையைக் குறைத்தது. காரணம் எளிது. வீட்டாருக்குத் தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோய் தெரியாமல் இருந்த மாதங்களிலேயே தொற்றிவிடுகிறது. சரியான மருந்து ஆரம்பித்ததும் சளியிலுள்ள உயிருள்ள கிருமியின் எண்ணிக்கை மளமளவென்று இறங்குகிறது. இரண்டு மாதம் இருமியபோது யாரும் ஜன்னலைத் திறக்கவில்லை. மாத்திரை ஆரம்பித்த பிறகு தட்டைப் பிரிக்கிறோம். பயம் தப்பான நேரத்தில், தப்பான பொருள் மீது விழுகிறது.

முதல் இரண்டு மூன்று வாரம் மட்டும் கவனமாக இருங்கள். செட்டிநாட்டு வீட்டில் இதற்கு வசதி கட்டும்போதே செய்து வைத்தது. முற்றத்தைச் சுற்றியுள்ள திறந்த தாழ்வாரத்தில் அவருக்குக் கட்டிலைப் போடுங்கள். மேலே வானம் திறந்திருப்பதால் காற்று தங்காமல் ஏறிப் போகும், வெயிலும் வரும். வெயிலின் புற ஊதாக் கதிர் இந்தக் கிருமியைக் கொல்லும். முற்றத்தைச் சுற்றியுள்ள உள்ளறைகள் பலவற்றில் ஜன்னல் சிறியது, கதவும் கனமானது. அங்கே மூடி வைப்பதுதான் மோசமான ஏற்பாடு. ஏ.சி. அறை அதைவிட மோசம், ஏனென்றால் சாதாரண ஸ்பிளிட் ஏ.சி. அதே காற்றையே சுற்றி விடுகிறது. முற்றத்துக்குக் கண்ணாடியோ தகடோ போட்டு மூடியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது முகப்புத் திண்ணைப் பக்கம் நல்லது. மற்றவர்கள் அருகில் வரும்போது அவர் சாதாரண அறுவைசிகிச்சை முகக்கவசம் போடட்டும். சளியை மூடியுள்ள டப்பாவில் துப்பி, பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றிக் கழிப்பறையில் கொட்டிவிடலாம். பேரன் இந்த மூன்று வாரம் தாத்தாவோடு ஒரே கட்டிலில் படுக்க வேண்டாம். அவ்வளவுதான். முற்றத்தில் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதையெல்லாம் நிறுத்த வேண்டியதில்லை.

சோதனை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு மாதம் வீணானது அங்கேதான். கடை மாத்திரையில் இருமல் குறைந்தது என்கிறீர்கள். நம் ஊர்க் கடைகளில் இருமலுக்குக் கை போகும் மருந்துகளில் லீவோஃபிளாக்சசின், ஓஃபிளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்கும் ஒன்று. இந்த வகை மருந்துக்குக் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும் சக்தி உண்டு. ஐந்து நாள் போட்டால் காய்ச்சல் விடும், பசி எடுக்கும், 'சரியாகிவிட்டது' என்று தோன்றும். நிறுத்தினால் திரும்ப வரும். நடுவில் சளியைச் சோதித்தால் கிருமி தெரியாமலும் போகலாம். இன்னொரு கெடுதலும் உண்டு: மருந்துக்கு அடங்காத காசநோய்க்குக் கையில் வைத்திருக்கும் முக்கிய ஆயுதம் இந்த வகை மருந்துதான், அதை இங்கேயே மழுங்கடித்துவிடுகிறோம். ஸ்டீராய்டு கலந்த மாத்திரையும் இதே போல் ஒரு வாரச் சுகம் தந்து உள்ளே நோயை வளர்க்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் கடைக்குப் போகாமல் சளிச் சோதனைக்குப் போக வேண்டும். மாலைக் காய்ச்சல், ராத்திரியில் தலையணை நனையும் வேர்வை, எடை இறங்குவது, சளியில் ரத்தம் இவற்றில் ஒன்று சேர்ந்திருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். சர்க்கரைக்காரர்களிடம் இந்த அடையாளங்கள் மங்கலாக இருப்பதுண்டு. எக்ஸ்ரேயிலும் வழக்கமான மேல் பகுதிக்குப் பதில் நுரையீரலின் கீழ்ப் பகுதியில் நிழல் விழுந்து நிமோனியா என்று நினைக்க வைக்கும்.

சளி கொடுப்பதிலும் முறை இருக்கிறது. கொண்டுபோவது எச்சிலாக இருந்தால் எந்தக் கருவியும் கிருமியைக் காட்டாது. காலையில் எழுந்ததும், சாப்பிடும் முன், வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். திறந்த வெளியில் நின்று இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சை இழுத்துப் பிடித்து, அடிவயிற்றிலிருந்து இருமி வரும் கெட்டிச் சளியைக் குவளையில் துப்ப வேண்டும். குறைந்தது 2 மில்லி, அதாவது அரைத் தேக்கரண்டிக்குக் குறையாமல். மூடியை இறுக்கி அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். பொதுவாக இரண்டு மாதிரி கேட்பார்கள், ஒன்று போன இடத்தில், ஒன்று அதிகாலையில்.

சோதனையில் மைக்ராஸ்கோப் பழைய முறை. மில்லிக்குப் பல ஆயிரம் கிருமி இருந்தால்தான் அதில் தெரியும். இப்போது முதலிலேயே கேட்டு வாங்க வேண்டியது சிபிநாட் அல்லது ட்ரூநாட். ட்ரூநாட் கோவாவில் உருவான நம் நாட்டுக் கருவி. இரண்டுமே கிருமியின் மரபணுவைத் தேடுபவை, சில மணி நேரத்தில் முடிவு வரும். ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்குக் கிருமி அடங்குமா என்பதையும் அப்போதே சொல்லிவிடும். உங்கள் அப்பச்சியின் ரிப்போர்ட்டில் 'ரிஃபாம்பிசின்' என்ற வரியைத் தேடிப் பாருங்கள். அந்த வரியே இல்லையென்றால், பெரும்பாலும் மைக்ராஸ்கோப் மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். மரபணுச் சோதனையைக் கேளுங்கள். ரத்தத்தில் ஆன்டிபாடி பார்த்து டிபி சொல்லும் சோதனைகள் நம்ப முடியாதவை என்று 2012இலேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டன. கையில் ஊசி போட்டு வீக்கம் பார்க்கும் மாண்டோ சோதனையும், இக்ரா என்ற ரத்தச் சோதனையும் கிருமி உடம்பில் நுழைந்திருக்கிறதா என்று மட்டும் சொல்லும். நோய் இருக்கிறதா என்று சொல்லாது. மாண்டோ 'பாசிட்டிவ்' என்பதை மட்டும் வைத்துப் பெரியவர் ஒருவருக்கு ஆறு மாத நோய் மருந்து ஆரம்பித்தால் இன்னொரு மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

அடுத்தது மாத்திரை. மருந்துக்கு அடங்கும் காசநோய்க்கு மொத்தம் 24 வாரம், 168 நாள், தினமும். முதல் 8 வாரம், அதாவது 56 நாள், நான்கு மருந்து சேர்ந்த மாத்திரை: ஐசோனியாசிட் 75, ரிஃபாம்பிசின் 150, பைராசினமைடு 400, எதாம்பியூட்டால் 275 மில்லிகிராம். அடுத்த 112 நாள் பைராசினமைடு இல்லாத மூன்று மருந்து மாத்திரை. எத்தனை என்பதை எடை தீர்மானிக்கும். 25 முதல் 34 கிலோ வரை 2, 35 முதல் 49 வரை 3, 50 முதல் 64 வரை 4, 65 முதல் 75 வரை 5. அப்பச்சி 47 கிலோ என்பதால் இப்போது மூன்று மாத்திரை வரும். நன்றாகச் சாப்பிட்டு 52 ஆகிவிட்டால் நான்காக மாற்ற வேண்டியிருக்கும், அதனால் ஒவ்வொரு மாதமும் எடை பாருங்கள். வாரம் மூன்று நாள் போட்ட பழைய முறை 2017இல் தினசரி முறையாக மாறிவிட்டது. 'ஒருநாள் விட்டு ஒருநாள் போதும்' என்று பழைய ஆட்கள் யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

ஏன் நான்கு மருந்து? பழுத்துக் குழி விழுந்த நுரையீரலில் கோடிக்கணக்கான கிருமி இருக்கும். பத்து லட்சத்தில் ஒன்று என்கிற அளவில் ஏதாவது ஒரு மருந்துக்கு இயற்கையாகவே அடங்காத கிருமியும் அதில் இருக்கும். ஒரே மருந்தைக் கொடுத்தால் மற்றவை செத்து, அந்த ஒன்று பெருகி நுரையீரலை நிரப்பும். நான்கு மருந்தையும் ஒரே கிருமி எதிர்ப்பது நடக்காத காரியம் என்பதுதான் கணக்கு. ஏன் ஆறு மாதம்? சாதாரணக் குடல் கிருமி 20 நிமிடத்தில் இரண்டாகும். காசநோய்க் கிருமிக்கு ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். வேகமாகப் பெருகுபவை முதல் நாட்களிலேயே ஐசோனியாசிட்டில் சாகும், அதனால்தான் மூன்றாவது வாரத்திலேயே உடம்பு தெம்பாகிவிடும். அசையாமல் உறங்கிக் கிடப்பவை எப்போதாவது விழிக்கும்போதுதான் மருந்தில் மாட்டும். ரிஃபாம்பிசினும் பைராசினமைடும் அவற்றுக்காகத்தான். இரண்டாம் மாதம் இருமல் நின்று, எடை ஏறி, 'இனி எதற்கு?' என்று தோன்றும் கட்டம்தான் இந்த நோயில் மிக ஆபத்தானது. அங்கே நிறுத்தினால் திரும்பி வரும் நோய் பழைய மருந்துக்கு அடங்காததாகவும் வரலாம்.

காலையில் வெறும் வயிற்றில், எல்லா மாத்திரையையும் ஒரே நேரத்தில் போடுவது நல்லது. குமட்டினால் இரண்டு இட்லி சாப்பிட்டுப் போடலாம். மருந்து கொஞ்சம் குறைவாக உறிஞ்சப்படும், ஆனால் போடாமல் விடுவதைவிட மேல். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாகப் போடக் கூடாது. அந்த நாளைக் கடைசியில் சேர்த்துக்கொள்வார்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடை, வெளியூர்க் கல்யாணம், பிள்ளை வீட்டுக்குச் சென்னைப் பயணம் என்று எது வந்தாலும் அத்தனை நாளுக்கான அட்டையையும் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் போவதாக இருந்தால் நிக்ஷய் (காசநோயாளிகளுக்கான அரசின் இணையப் பதிவேடு) பதிவை அந்த ஊருக்கு மாற்றிக் கொடுப்பார்கள், நாட்டின் எந்த அரசு மருத்துவமனையிலும் மருந்து இலவசம். இந்த வருடம் காவடி நடையை அவர் தவிர்ப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

முதல் நாளே சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், வேர்வையும் கண்ணீரும் கூட. அது ரிஃபாம்பிசினின் நிறம், ரத்தமல்ல. பலர் பயந்து நிறுத்துவது இங்கேதான். உண்மையில் பயப்பட வேண்டியவை வேறு. கண் மஞ்சள், தொடர்ந்த வாந்தி, சோற்றைக் கண்டாலே குமட்டல், வலது விலாவுக்குக் கீழே வலி என்றால் கல்லீரல் பாதிக்கப்படுகிறது என்று பொருள். எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த ஆறு மாதமும் மது கூடாது என்பதற்கும், கல்லீரலுக்கு என்று கேள்விப்பட்ட நாட்டு மருந்துகளை இஷ்டத்துக்குச் சேர்க்கக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். பார்வை மங்குவது, சிவப்பும் பச்சையும் குழம்புவது எதாம்பியூட்டாலால் வருவது. அதையும் உடனே சொல்ல வேண்டும். கால் எரிச்சல், மதமதப்பு ஐசோனியாசிட்டால் வரலாம். சர்க்கரைக்காரர் என்பதால் அதைச் சர்க்கரையின் வேலை என்று விட்டுவிடுவார்கள். பைரிடாக்சின் என்ற வைட்டமின் பி6 மாத்திரை சேர்த்துக் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். மூட்டு வலி பைராசினமைடால், முதல் இரண்டு மாதத்தோடு போய்விடும். சாப்பாட்டில் ஒன்று: சூரை மீன் போன்ற வகை ஐசோனியாசிட்டோடு சேரும்போது சிலருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, படபடக்கும். தொண்டிப் பக்கத்து மீன் வாங்கினால் இந்த ஆறு மாதம் சூரையை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுங்கள்.

சர்க்கரை மருந்தை மறக்கக் கூடாது. ரிஃபாம்பிசின் கல்லீரலைத் தூண்டிப் பல மருந்துகளைச் சீக்கிரமே சிதைக்கும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை சர்க்கரை மாத்திரையின் வேகம் குறைந்து, அதே அளவு போட்டும் சர்க்கரை ஏறும். நோய்க்காய்ச்சலும் சர்க்கரையை ஏற்றும். முதல் மாதத்தில் வாரம் ஒருமுறையாவது பாருங்கள். சில மாதத்துக்கு இன்சுலின் தேவைப்பட்டால் அதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம். 24 வாரம் முடிந்ததும் இந்தத் தூண்டுதல் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும், அப்போது கூட்டிய அளவைக் குறைக்காவிட்டால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், கருத்தடை மாத்திரை, வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

சாப்பாடு இந்த நோயில் உபசாரமல்ல, சிகிச்சையின் பாதி. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான 'ரேஷன்ஸ்' ஆய்வில், முதல் இரண்டு மாதத்தில் 5 சதவீதம் எடை கூடிய நோயாளிகளிடம் இறப்பு வாய்ப்பு 61 சதவீதம் குறைவாக இருந்தது. அதே ஆய்வில், நோயாளியின் குடும்பத்தாருக்கும் மாதம் ஆளுக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தபோது, அவர்களிடம் புதிதாக நோய் வருவது 39 முதல் 48 சதவீதம் வரை குறைந்தது. 47 கிலோக்காரருக்கு 5 சதவீதம் என்றால் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. புரதம் ஒரு நாளைக்கு 56 முதல் 70 கிராம் வேண்டும். ஒரு முட்டை 6 கிராம், ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பு 7 கிராம் என்று வைத்தால், வெறும் ரசம் சோறும் கஞ்சியும் எவ்வளவு பின்தங்கும் என்று தெரியும். இரண்டு முட்டை, மதியம் கோழியோ மீனோ, சாயங்காலம் சுண்டல், ராத்திரி பால், இடையில் வேர்க்கடலை என்று பிரித்துக் கொடுங்கள். கும்மாயம் பருப்புச் சத்துள்ளதுதான், ஆனால் கருப்பட்டி இருப்பதால் அப்பச்சிக்கு வேண்டாம், பேரனுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிக்கக் கூடாது. மாட்டுக் காசநோய் பால் வழியாக வரும். பணத்துக்கு, நிக்ஷய் போஷண் என்ற அரசின் சத்துணவு உதவித் திட்டத்தில் 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய், 3,000 வீதம் இரண்டு தவணையாக வங்கிக் கணக்குக்கு வரும். தனியார் மருத்துவரிடம் பார்த்தாலும், அவர் நிக்ஷயில் பதிந்திருந்தால் உண்டு. எல்லா நோயாளியையும் பதிய வேண்டும் என்பது 2012 முதல் கட்டாயம். பதிவு எண் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். இலவச உதவி எண் 1800-11-6666.

ஆரம்பத்திலேயே சிலருக்கு வீட்டில் இருந்தபடி மருந்து எடுப்பது போதாது. தமிழ்நாட்டில் 2022இல் வந்த காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் முதல் நாளே ஒரு சிறு வடிகட்டல் செய்கிறார்கள். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு 14 அல்லது அதற்குக் கீழ், அல்லது 16க்குள் இருந்து காலிலும் வீக்கம், நிமிடத்துக்கு 24க்கு மேல் மூச்சு, ஆக்சிஜன் 94க்குக் கீழ், பிடிமானம் இல்லாமல் நிற்க முடியாமை. இதில் ஒன்று இருந்தாலும் உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும். காசநோய் இறப்புகளில் பெரும்பங்கு மருந்து ஆரம்பித்த முதல் வாரங்களிலேயே நடக்கிறது, அதற்காகத்தான் இது. அப்பச்சி 165 சென்டிமீட்டர் உயரம் என்றால் அவருடைய குறியீடு 17க்குச் சற்று மேல் வரும். சத்துக் குறைவுதான், ஆனால் வீட்டிலேயே பார்க்கலாம். பல்ஸ் ஆக்சிமீட்டர் கோவிட் காலத்தில் வாங்கியது வீட்டில் கிடக்கும், எடுத்து ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

பேரன் விஷயத்தில் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். ஐந்து வயதுக்குள் கிருமி நுழைந்தால் மூளைக்கும் உடம்பு முழுக்கவும் பரவும் அபாயம் பெரியவர்களைவிடப் பல மடங்கு. பிறந்தபோது போட்ட பிசிஜி ஊசி அந்தக் கடுமையான வகைகளிலிருந்து ஓரளவு காக்கும், தொற்றையே தடுக்காது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைப் பிசிஜி தடுக்கவில்லை என்பது 1968இல் செங்கல்பட்டில் தொடங்கிய பெரிய ஆய்வில் தெளிவானது. பிள்ளைக்கு இருமல், காய்ச்சல், எடை ஏறாமை இருக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுப்பார்கள். நோய் இல்லையென்று உறுதியானதும் தடுப்பு மருந்து கொடுப்பார்கள்: தினமும் ஐசோனியாசிட் ஆறு மாதம், அல்லது ஐசோனியாசிட்டும் ரிஃபாபென்டினும் வாரம் ஒருமுறை வீதம் 12 வாரம். நோய் இல்லாத பிள்ளைக்கு எதற்கு மருந்து என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். உறங்கும் கிருமியை விழிக்கும் முன்பே கொல்லத்தான். வீட்டிலுள்ள பெரியவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டும், அவர்களுக்கும் இதே தடுப்பு மருந்து உண்டு. சமையலுக்கு வரும் அம்மாவையும், அவரோடு தினமும் உட்கார்ந்து சீட்டாடும் நண்பரையும் விட்டுவிட வேண்டாம்.

நுரையீரல் அல்லாத காசநோயும் இருக்கிறது: கழுத்துக் கட்டி, முதுகெலும்பு, நுரையீரல் உறையில் நீர், குடல், கருப்பை, மூளை. இவை பொதுவாகப் பிறருக்குப் பரவாது. முதுகெலும்புக்கும் மூளைக்கும் மருந்து 9 முதல் 12 மாதமோ அதற்கு மேலோ போகும். குழந்தையில்லாமை சிகிச்சைக்குப் போகும் பெண்களிடம் கருப்பைக் காசநோய் தற்செயலாகத் தெரிவதுண்டு. ஒரு நடைமுறைக் குறிப்பு: கட்டியிலிருந்து சதை எடுக்கும்போது முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி வளர்த்துப் பார்க்க முடியாது. ஒரு துண்டைச் சலைன் தண்ணீரில் போட்டுச் சிபிநாட்டுக்கு அனுப்பச் சொல்லி, அறுவைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

ரிப்போர்ட்டில் ரிஃபாம்பிசினுக்கு அடங்காது என்று வந்திருந்தால் மேலே சொன்ன மாத்திரைக் கணக்கு பொருந்தாது. முன்பு அதற்கு 18 மாதத்துக்கும் மேல் மருந்து, அதில் காதைக் கெடுக்கும் ஊசியும் இருந்தது. இப்போது பெடாகுவிலின், பிரிட்டோமானிட், லினிசோலிட், மாக்சிஃபிளாக்சசின் நான்கும் சேர்ந்த ஆறு மாத முறைக்கு 2024இல் நம் நாட்டில் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. அதுவும் அரசிடம் இலவசம். வெளியே விலை கொடுத்து வாங்கிப் பாதியில் விடும் ஆபத்தை எடுக்க வேண்டாம்.

தங்கை கல்யாணத்துக்கு வருகிறேன். இது பரம்பரை நோயல்ல. ஒரே வீட்டில் இருவருக்கு வந்தால் அது ஒரே காற்றால் வந்தது, ரத்தத்தால் அல்ல. தங்கைக்குச் சோதனையில் ஒன்றுமில்லை என்றால் அவர் போகும் வீட்டுக்கு எந்த ஆபத்துமில்லை. அப்பச்சியின் நோயை ஊருக்கு அறிவிக்க வேண்டிய கடமை உங்களுக்குக் கிடையாது. ஆனால் மறைப்பதற்காக மாத்திரையை ஒளித்துப் போடுவது, பெண் பார்க்க வரும் நாளில் போடாமல் விடுவது, பக்கத்து ஊர் மருத்துவமனைக்குப் போகாமல் தெரியாத ஊரில் மருந்து வாங்கி நடுவில் தொடர்பு அறுந்துபோவது, இவைதான் நடக்கின்றன. கல்யாணம் நாலு மாதத்தில் நிச்சயமானாலும் கவலையில்லை. மாத்திரையை விடாமல் போட்டால் அதற்குள் அவரிடமிருந்து யாருக்கும் பரவாது, மாப்பிள்ளை வீட்டாரை முன்னின்று வரவேற்கலாம்.

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளட்டும். குணமானவரின் எக்ஸ்ரேயிலும் பழைய தழும்பு நிற்கும், வளைகுடா நாடுகளுக்கான மருத்துவச் சோதனையில் அந்தத் தழும்புக்கே 'தகுதியில்லை' என்று வருவதுண்டு. நோய் முற்றும் முன் கண்டுபிடித்தால் தழும்பும் சிறியதாக இருக்கும். விசாவுக்குப் பயந்து இருமலை மறைக்கும் பையன் உண்மையில் தன் விசாவைத்தான் கெடுத்துக்கொள்கிறான்.

இரண்டாம் மாத முடிவில் ஒருமுறை, 24 வாரம் முடியும்போது ஒருமுறை சளிச் சோதனை இருக்கும். இரண்டாம் மாதத்திலும் கிருமி தெரிந்தால் மருந்துக்கு அடங்குகிறதா என்று மறுபடி பார்ப்பார்கள், அதற்காகப் பதற வேண்டாம்; சர்க்கரைக்காரர்களுக்கு இது சற்றுத் தாமதமாகத்தான் மறையும். மருந்து முடிந்த பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீதம் இரண்டு வருடம் காட்ட வேண்டும், திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் இந்தக் காலத்துக்குள்தான் திரும்பும். சிகிச்சை அட்டை, முதல் எக்ஸ்ரே, கடைசி எக்ஸ்ரே, நிக்ஷய் எண் நான்கையும் ஒரே உறையில் வைத்திருங்கள். பிறகு எப்போது இருமல் வந்தாலும், எந்த மருத்துவரிடம் போனாலும், அந்த உறையோடு போய் முதல் வார்த்தையாக 'முன்பு டிபிக்கு மருந்து எடுத்தவர்' என்று சொல்லிவிடுங்கள்.